இரண்டையும் ஒன்றாக மாற்றினேன்

மொக்கச்சாமி குழாய்களுக்குப் போட்ட ஈய இணைப்புகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. குறை நான் போட்ட வரைபடத்தில் இருந்தது. அதை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகு மறைத்தேன்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் விளக்கம். விளக்கத்தால் குற்றம் சிறுத்துவிடாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் பேசுவது எளிதாக இருக்கிறது... அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

எழுபதுகளின் நடுவில், தேனியில் பம்ப்செட்டும் குழாயும் விற்றுப் பொருத்தியும் கொடுத்த ஒரு நிறுவனத்தில் நான் எஞ்சினியராக இருந்தேன். எனக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுகிறவன்! கிணற்று மேட்டில் நின்று மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்பேன். "பேரிங் போச்சு" என்பேன். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். விவசாயச் சம்சாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

தப்பாகச் சொன்ன தடவைகளும் இருந்திருக்கும். அவற்றை யார் நினைவில் வைத்துக்கொண்டார்கள்? நானும் வைத்துக்கொள்ளவில்லை.

சின்னமனூருக்கு மேற்கே, தேவாரம் பக்கமாக ஏறுகிற மேட்டில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். கீழே முல்லையாற்றுப் பாய்ச்சலில் இரண்டு போகம் நெல் விளைந்துகொண்டிருக்க, அதைக் கண்ணால் பார்த்தபடியே மழைக்குக் காத்துக் கிடந்த ஊர். அந்த ஊர் விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஆற்றோரத்தில் கிணறு வெட்டி, அங்கிருந்து மேட்டுக்கு இரும்புக் குழாயில் தண்ணீர் ஏற்ற முடிவு செய்தார்கள். வேலை எங்களுக்கு வந்தது. வரைபடம் என் பொறுப்பு.

அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும்போது, பம்புக்கு அருகே குழாயோடு ஒரு காற்றுக் கலத்தை இணைப்பது முறை. ஏர் வெசல் என்போம். மூடிய இரும்பு உருளை. உள்ளே பாதி தண்ணீர், பாதி காற்று. திடீரென்று கரண்ட் போனால் குழாயில் உண்டாகும் அதிர்ச்சியை அந்தக் காற்று வாங்கிக்கொள்ளும். நான் முதலில் அதை வரைந்திருந்தேன். பிறகு, இந்தச் சின்ன ஊர் லைனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நினைத்தேன், வரைபடத்தில் கோடு போட்டு அடித்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் தலைக்கனம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

குழாய்களை இணைத்தவர் மொக்கச்சாமி. எங்கள் நிறுவனத்தின் ஃபிட்டர். அந்த ஊரிலேயே பிறந்தவர். ஒரு குழாயின் வாய்க்குள் இன்னொரு குழாயின் நுனியைச் செருகி, இடைவெளியில் சணலைத் திரித்து அடைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளிவைத்து அடித்து இறுக்க வேண்டும். அதை அவர் மற்ற ஃபிட்டர்களைப் போலவே செய்தார். மந்திரக் கை என்றெல்லாம் இல்லை. ஒழுங்கான கை... அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர் வேலையில் மட்டும் அவர் முகத்தில் ஒரு மினுக்கம் இருந்தது. சொந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டு போகிறார் அல்லவா!

தண்ணீர் ஏறிய அன்று ஊரே மேட்டுத் தொட்டியடியில் கூடி நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். மொக்கச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழாய் வாயில் கையை நீட்டித் தண்ணீரை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டாள்.

மேட்டிலும் சரிவிலும் வெங்காயம் நட்டார்கள். தாள் தலையெடுத்து வந்த சமயத்தில் குழாய் வெடித்தது.

தகவல் வந்து நான் போனபோது, சரிவின் கீழ்ப்பகுதியில் ஓர் இணைப்பிலிருந்து ஈயம் பிதுங்கி வெளியே கிடந்தது. பாய்ந்த தண்ணீர் ஒரு வெங்காய வயலை மண்ணோடு வாரிக்கொண்டு போயிருந்தது. சங்கத் தலைவர் அழகர்சாமி பக்கத்திலிருந்த மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார். சுற்றிலும் ஆட்கள். நடுவில் மொக்கச்சாமி.

"ஏலே மொக்க, ஊரான் வேலைன்னாலும் பரவால்ல. நம்ம ஊரு வேலையிலயா இப்பிடிச் செய்வ?" என்று அழகர்சாமி கேட்டார்.

"வழக்கமாப் போடுற மாதிரித்தான் மாமா போட்டேன். எப்பிடிப் போச்சுன்னு தெரியல. சார் பாத்துச் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, பிதுங்கிய ஈயத்தைக் காலால் புரட்டினேன். எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட இருக்காது.

"ஈயம் முழுசா இறங்கல. அவசரத்துல ஊத்திருக்கான்" என்றேன்.

ஊத்திருக்கான்... என்னைவிட மூத்தவரை அப்படித்தான் சொன்னேன். பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவன் அல்லவா நான்!

மொக்கச்சாமி என்னைப் பார்த்தார், பிறகு அந்த ஈயத் துண்டைப் பார்த்தார்.

அதற்கப்புறமும் குழாய் அவ்வப்போது வெடித்தது. ஒவ்வொரு தடவையும் அதே கீழ்ச் சரிவில். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவரின் வெள்ளாமை போயிற்று. நிறுவனம் மொக்கச்சாமியை நிறுத்திவிட்டது. தேனியிலிருந்து வேறொரு ஃபிட்டர் போய், வெடித்த இடங்களில் புதிதாக ஈயம் ஊற்றினார். அவர் ஊற்றிய இணைப்பும் ஒன்று போனது. அதைக் கேட்டவுடனே என் வாய் சொல்லிற்று: "பக்கத்துல இருக்குறதெல்லாம் மொக்கச்சாமி போட்டது. அது ஆடுறதால இதுவும் ஆடிருச்சு."

மோட்டார் ஓட்டுகிறவர் ஒருநாள், "கரண்டு நிக்கிறப்பத்தான் சார் இந்தச் சனியன் பிடிக்குது" என்றார். நான் சிரித்தேன். குழாய்க்கும் கரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம், குழாய்க்குள்ளேயா கரண்ட் போகிறது என்று கேட்டேன். அங்கிருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஆண்டு என்னைக் கோயம்புத்தூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். இயந்திரக் கோளாறுகளை முறைப்படி ஆராய்ந்து தீர்ப்பது எப்படி என்பது பாடம். வகுப்பெடுத்த விரிவுரையாளர் என்னைவிட இளையவர். அந்த நாட்களில் அவருக்குக் கடுமையான ஜலதோஷம் வேறு. கைக்குட்டையும் கையுமாகக் கரும்பலகை முன்னால் நின்றார். இவர் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்றுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது மிகச் சாதாரணமான ஒன்று. கோளாறு எங்கே வந்தது, எப்போது வந்தது என்று எல்லோரும் கேட்கிறோம். எங்கே வரவில்லை, எப்போது வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் ஒரு காரணம் சொன்னால், அது வந்த இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வராத இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் அது காரணமில்லை, உங்கள் ஆசை.

இன்னொன்றும் சொன்னார். "சரி செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் கோளாறு நிற்கலாம். எதனால் நின்றது என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது."

அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்... என்ன லட்சணத்துக்கு வைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

ஒவ்வொருவரும் தாம் தீர்த்த ஒரு கோளாறைப் பலகையில் விளக்க வேண்டும் என்றார். நான் அந்தக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பார்வையில் கண்டுபிடித்த பெருமையைக் காட்டத்தான்! கிணற்றை வரைந்தேன், சரிவை வரைந்தேன், மேட்டுத் தொட்டியை வரைந்தேன். காரணம்: இணைத்தவரின் கவனக்குறைவு.

"மேல் பாதியில் வெடித்ததா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மேல் பாதியை இணைத்தவர் யார்?"

"அதே ஆள்தான்."

"கீழே அழுத்தம் அதிகம், சரி. ஆனால் நாள் முழுக்க அந்த அழுத்தத்தைத் தாங்கிய குழாய், எந்த நேரத்தில் மட்டும் வெடித்தது?"

மோட்டார் ஓட்டுகிறவரின் குரல் காதில் கேட்டது. அணையில் தண்ணீர் நிறைந்து மின்வெட்டு தளர்ந்திருந்த மாதங்களில் ஓர் இணைப்பும் வாய் திறக்காதது ஞாபகம் வந்தது.

"கரண்ட் போகும்போது" என்றேன்.

"வேறு ஆள் இணைத்தது எதுவும் போனதா?"

"ஒன்று... போனது."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் ஆள் காரணமில்லை. அடித்துவிடுங்கள். அடுத்து?"

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! ஆள் காரணமில்லை. அடித்துவிடுங்கள். அந்த இளைஞருக்கு அது பலகையில் ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் பிழைப்பிழந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது தேநீர் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் பலகை முன்னால் நின்று மீதியை மனதுக்குள் முடித்தேன். நாமாக மோட்டாரை நிறுத்தும்போது, முதலில் வால்வை மெதுவாகத் திருகி மூடிவிட்டுத்தான் நிறுத்துவோம். கரண்ட் சட்டென்று போனால் அதற்கு அவகாசமில்லை. மேலேறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று, திரும்பி, சரிவில் இறங்கி வருகிறது. கீழே, தண்ணீரைத் திரும்ப விடாத கதவு படாரென்று சாத்துகிறது. ஓடிவந்த அத்தனை தண்ணீரும் அதில் மோதுகிறது. சம்மட்டி அடி! அந்த அடியைத் தாங்கிக்கொள்வதற்காக இருந்திருக்க வேண்டிய காற்றுக் கலம் எங்கே?

நான் அடித்துவிட்டேன்.

பலகையைச் சுத்தமாக அழித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

தேனிக்குத் திரும்பிய சில நாட்களில் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேல கேட்டு வரல அய்யா. அவுக ஊருக்குள்ளயே நடக்குறதில்ல இப்ப. வயக்காட்டு வழியாத்தான் போறாக, வாறாக. கையக் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காக. சோத்தப் போட்டா, இந்தக் கைதான பேச்சி, இந்தக் கைதானங்கிறாக. எனக்குப் பயமா இருக்கு."

நான் மேசையின் மேல் கிடந்த எதையோ நகர்த்தி வைத்தேன்.

"தப்பு அவுக மேலதானா? அதை மட்டும் சொல்லுங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்க, சங்கட்டமில்ல. நான் தேத்திக்கிடுவேன். தெரியாம இருக்குறதுதான் அய்யா ஆகல."

நாக்கு நுனிவரை வந்தது. உண்மையாகவே வந்தது! அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கையில் ஒரு பழுதும் இல்லை... ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய சொற்கள்.

"விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

விசாரிக்க என்ன பாக்கி இருந்தது? அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் நடந்து மறையும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் செய்தது. கவனமாகக் கேளுங்கள்.

முறைப்படி என்ன செய்திருக்க வேண்டும்? காற்றுக் கலத்தை மட்டும் வைத்திருக்க வேண்டும். மொக்கச்சாமியின் இணைப்புகளைத் தொட்டிருக்கவே கூடாது. கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் அவை அசையாமல் நின்றிருக்கும். ஊர் பார்த்திருக்கும். அவர் தலை நிமிர்ந்திருக்கும். கூடவே ஊர் கேட்டிருக்கும்: இந்த உருளையை முதலிலேயே ஏன் வைக்கவில்லை?

அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

கீழ்ச் சரிவின் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக ஈயம் ஊற்ற உத்தரவிட்டேன். அதே வேலையோடு வேலையாக, கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லி, காற்றுக் கலத்தையும் வைக்கச் செய்தேன். இரண்டையும் ஒன்றாக... தெரிந்தே. எதனால் நின்றது என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாதபடி!

ஒழுங்குமுறையைக் கற்றவன், அதை முதன்முதலாகப் பயன்படுத்தியது அதைக் கெடுப்பதற்குத்தான். முன்பு செய்தது அவசரக்காரனின் பிழை. அதைக்கூட ஒருவேளை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். இது அப்படியல்ல. இது நிதானமாக, படிப்பறிவோடு செய்தது.

குழாய் அதன்பின் வெடிக்கவில்லை. அழகர்சாமி எனக்கு மாலை போட்டார். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"பாத்தீகளா சார், பூராத்தையும் பிரிச்சுப் போட்டதும் சத்தமே இல்ல. மொக்கப்பய கைக்கோளாறுதான்னு நீங்க அன்னைக்கே சொன்னீக. நாங்கதான் நம்ம ஊர்க்காரனாச்சேன்னு யோசிச்சிட்டுத் திரிஞ்சோம்."

நான் சோடாவைக் குடித்து முடித்தேன். பேச்சியம்மாள் மறுபடி வரவில்லை. வரவேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. குழாயே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஆண்டுகள் ஓடின. விந்தையைக் கேளுங்கள்... நான் நல்ல எஞ்சினியர் ஆனேன்! பார்த்த மாத்திரத்தில் சொல்வதை விட்டுவிட்டேன். எந்த மோட்டாரின் முன்னாலும் பொறுமையாக நின்று, எங்கே வரவில்லை, எப்போது வரவில்லை என்று கேட்டேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஒருவர் மேல் பழி சொல்லுமுன் அவர் கை பட்டும் கெடாத இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். அவர்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சோர்வாக இருக்கும். சொல்லச் சொல்லச் சோர்வாக இருக்கும்.

மொக்கச்சாமியை மறுபடி பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கம்பத்துக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு, மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று போயிருந்தேன். பந்தலுக்குக் கீழே கொடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பேசிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"சார், நல்லா இருக்கீகளா? மொக்கச்சாமி."

நல்லா இருக்கேன் என்றேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். அந்த முறை 'நீங்கள்' வந்தது.

"இருக்கோம் சார். கூலி வேலதான். பேச்சி அங்கன கூடைக்குப் பழம் அடுக்குறா." அந்தக் கோடியைக் கை காட்டினார். "உங்களப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் சார். ரொம்ப நாளா யோசிச்சேன், நம்ம கை எங்கன தப்புச்சுன்னு. அப்பறம் பிடிபட்டுச்சு. கீழ்ச் சரிவு போட்டப்ப ஒருநா மழ தூறுச்சு. சணல் நனஞ்சிருக்கும். ஈரத்து மேல ஈயத்த ஊத்தினா உள்ள கொப்புளிச்சிரும்ல, பிடிமானம் இருக்காதுல்ல... அதான். அன்னைக்கு நீங்க சொன்னது சரி சார். அவசரந்தான்."

மழை தூறவில்லை. அந்த வேலை நடந்தது முழுக் கோடையில். வெயில் தாங்காமல் குழாய்களின் மேல் தென்னோலை போட்டு வைத்திருந்தோம். நான் அங்கே இருந்தேன். எனக்குத் தெரியும்.

செய்யாத தப்புக்கு ஒரு காரணத்தைத் தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் ஒரு மழையையே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர்!

"அதுலருந்து அந்த வேலையத் தொடுறதில்ல சார். வீட்டுக் குழா ஒழுகுனாக்கூட ஆளத்தான் கூப்புடுறேன். கைய நம்ப முடியல."

இப்போது சொல் என்று எனக்குள் ஏதோ கூவியது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது? காது கேட்கும் தூரத்தில் யாருமில்லை. அழகர்சாமி இறந்துவிட்டார். அந்த நிறுவனத்தில்கூட நான் இப்போது இல்லை. எனக்கு எந்த நஷ்டமும் வராது...

"அதெல்லாம் பழைய கதை. விடுங்க மொக்கச்சாமி" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. மன்னிச்சிட்டீக. இதப் பேச்சிகிட்டச் சொன்னா ரொம்ப சந்தோசப்படுவா."

நான் மன்னித்தேன்! அவரை... நான்!

பந்தலின் அந்தக் கோடியில், கூடைகளுக்கு நடுவே பேச்சியம்மாள் குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதற்குள் நான் மோட்டார் இருந்த பக்கம் நடந்துவிட்டேன்.

அது நடந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஏன் இன்னும் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருமுறை புறப்பட்டேன். உத்தமபாளையம்வரை போனேன். இறங்கி ஒரு டீ குடித்தேன். எதிர்ப்பக்கம் நின்ற தேனி பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவு காலம் கழித்துச் சொல்வது அவரை இன்னும் வருத்தும் என்று அன்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் எந்தச் சோதனையிலும் நிற்காது. கோளாறு தெரியும், காரணம் தெரியும், தீர்வும் தெரியும். ஆராய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. எழுந்து போவது மட்டும்தான் பாக்கி.

களைத்துவிட்டேன் ஐயா. களைப்பையும் ஒரு சாக்காகத்தான் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

மன்னிப்பை உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கொடுக்க உங்களால் ஆகாது. கொடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். இருவரும் கம்பத்துப் பக்கம் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இதை வாசித்த உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு இன்னும் தெரியாது.